பிப் மேன்முறையீட்டுக்கு ஆதாரம் சேர்ப்பது எப்படி? நாற்பது பக்க ஆஸ்பத்திரிக் கடிதம் போதுமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அம்மாவுக்கு 58 வயது. ஏழு வருடமாக ரூமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு அழற்சி நோய். பிப், அதாவது நோயாலோ உடற்குறையாலோ அன்றாட வேலைக்குச் சிரமப்படுபவர்களுக்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்டுக்கு விண்ணப்பித்தீர்கள். நேரில் அசெஸ்மென்ட் நடந்தது. சமையலுக்கு 2, குளிப்புக்கு 2 என்று நான்கு புள்ளிதான் கொடுத்தார்கள். மறுபரிசீலனை கேட்டும் அதே நான்குதான் வந்தது. இப்போது தீர்ப்பாயத்துக்குப் போகிறீர்கள். கையில் நாற்பது பக்கம் ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்கிறது. அது போதுமா, போதாதென்றால் வேறு என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அந்த நாற்பது பக்கமும் அம்மாவுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று சொல்லும். நோய் இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லையே. அந்த நோயால் குசினியிலும் குளியலறையிலும் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. அதை எந்த ரூமட்டாலஜி கடிதமும் சொல்லாது, ஏனென்றால் அந்த டாக்டர் உங்கள் குசினிக்கு வந்ததில்லை. கிழக்கு லண்டனில் பதினொரு வருடமாக எங்கள் ஆட்களுக்கு இந்த வழக்குகளில் தாள் அடுக்கிக் கொடுத்து வருகிறேன். கட்டுக்கட்டாகக் கடிதம் கொண்டுவந்து தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆறு பக்கத்தோடு வந்து வென்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் திகதி. மறுபரிசீலனை முடிவுக் கடிதத்தில் போட்டிருக்கும் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டைப் பதிய வேண்டும். இணையத்திலும் செய்யலாம், எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்தை நிரப்பித் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை. பிந்திவிட்டால் காரணம் சொல்லிக் கேட்கலாம், ஆனால் 13 மாதத்துக்கு மேல் கதவு மூடிவிடும். ஆதாரம் எல்லாம் கைக்கு வந்தபிறகு பதிவோம் என்று காத்திருக்க வேண்டாம். பதிவை இன்றைக்கே போடுங்கள், ஆதாரம் பின்னால் போகலாம். இது இங்கிலாந்து, வேல்ஸ் ஆட்களுக்கு. ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசெபிலிட்டி பேமெண்ட் வந்துவிட்டது, அதன் வழி வேறு. வட அயர்லாந்திலும் மேன்முறையீடு தனி அமைப்பில்தான்.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். ஒரு தாளையும் தேடப் புறப்படுவதற்கு முன்னால் உங்களிடம் இரண்டு பொருள் இருக்க வேண்டும். ஒன்று அசெஸ்மென்ட் அறிக்கை. பிஏ4 என்பார்கள். பிப் தொலைபேசி எண்ணுக்கு எடுத்துக் கேட்டால் அனுப்புவார்கள். மேன்முறையீடு பதிந்த பிறகு டிடபிள்யூபி, அதாவது பிப் முடிவை எடுக்கும் அரசுத் துறை, தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் தடித்த கட்டிலும் அது இருக்கும், உங்களுக்கும் அந்தக் கட்டின் ஒரு பிரதி வரும். இரண்டாவது, பிப் புள்ளிப் பட்டியல். அன்றாட வாழ்க்கைக்குப் பத்துச் செயல், நடமாட்டத்துக்கு இரண்டு. ஒரு பிரிவில் 8 புள்ளி வந்தால் அந்தப் பிரிவுக்குச் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை.

அறிக்கையைப் பென்சிலோடு வாசியுங்கள். அம்மா சொன்னது ஒன்று, எழுதியிருப்பது வேறொன்று என்று தோன்றும் இடமெல்லாம் ஓரத்தில் கோடு போடுங்கள். கோபம் வரும். அந்தக் கோபத்தை மேன்முறையீட்டில் எழுத வேண்டாம். அசெஸ்மென்ட் செய்தவர் பொய் சொன்னார் என்று நிரூபிப்பதில் இரண்டு பக்கம் போனால், அம்மாவின் கைகளைப் பற்றிச் சொல்ல இடம் இருக்காது. "கைப்பிடி வலிமை இயல்பு" என்று அவர் எழுதியிருந்தால், அதற்கு எதிரே வைக்க ஒரு தாள் தேட வேண்டும். அவ்வளவுதான். அம்மா எப்போதாவது கைச் சிகிச்சைக்குப் போயிருக்கிறாவா? அங்கே ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி வலிமையை கிலோ கணக்கில் எழுதுவார்கள். அந்த ஒரு எண், "விரலை அழுத்தச் சொன்னேன், அழுத்தினார்" என்ற வரியை விடப் பாரமானது.

அடுத்து, எந்தச் செயலில் எத்தனை புள்ளிக்கு வாதாடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு இப்படித் தெரிகிறது. சமையலில், முக்காலி போட்டு உட்கார்ந்து சமைப்பதற்காக 2 கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வெட்டவும் பானை தூக்கவும் இன்னொருவர் வேண்டுமென்றால் அது 4. குளிப்பில் கைப்பிடிக் கம்பிக்கு 2. தொட்டிக்குள் இறங்கவும் ஏறவும் ஆள் வேண்டுமென்றால் 3. உடுப்பில் ஒன்றுமே கொடுக்கவில்லை. இடுப்புக்கு மேலே உடுத்த ஆள் வேண்டுமென்றால் அது 4. மாத்திரைப் போத்தலைத் திறக்க உதவியோ கருவியோ வேண்டுமென்றால் 1. கூட்டிப் பாருங்கள், 12 வருகிறது. இவை எல்லாம் உண்மையாக இருந்தால் மட்டும். உண்மையில்லாத புள்ளிக்கு வாதாடினால் உண்மையான புள்ளியையும் நம்பமாட்டார்கள்.

உடுப்பில் எங்கள் ஆட்கள் தவறவிடும் விஷயம் ஒன்று. டிடபிள்யூபியின் சொந்த வழிகாட்டியே, ஒருவரின் பண்பாட்டுக்குப் பொருத்தமான, மாற்றித் தைக்காத உடுப்பை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது. அம்மா ஆயுள் முழுக்கச் சேலை கட்டினவ, இப்போது கொக்கி போட முடியாமல் தலைவழியே போடும் நைட்டியோடு இருக்கிறா என்றால், அதை எழுதுங்கள். "அவர் தளர்வான உடையைத் தானே அணிகிறார்" என்று அறிக்கையில் வருவது இதனால்தான்.

அதேபோல் சமையலில் தேங்காய் துருவ முடியவில்லை, இடியப்பம் பிழிய முடியவில்லை என்று எழுதுவார்கள். அது அம்மாவுக்குப் பெரிய துக்கம், எனக்கு விளங்குகிறது. ஆனால் சட்டம் பார்ப்பது, ஒருவருக்கு மட்டும், பச்சைக் காய்கறியிலிருந்து, இடுப்பளவு உயர அடுப்பில் ஒரு எளிய சாப்பாடு. தோல் உரிப்பது, வெட்டுவது, டப்பா திறப்பது, சட்டி தூக்குவது, வடிப்பது. வெங்காயத்தைப் பற்றி எழுதுங்கள்.

இனி, எல்லா ஆதாரத்துக்கும் முதுகெலும்பு போன்ற நான்கு கேள்வி. 2013ஆம் ஆண்டு விதிகளில் இருப்பது. அந்தச் செயலை அவர் பாதுகாப்பாகச் செய்கிறாரா? ஏற்கத்தக்க தரத்தில் செய்கிறாரா? தேவைப்படும் தடவையெல்லாம் திரும்பச் செய்ய முடிகிறதா? சாதாரண ஆள் எடுக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தின் இரண்டு மடங்குக்குள் செய்கிறாரா? இதில் ஒன்றுக்கு இல்லை என்றாலும், அந்த வழியில் அவரால் அந்தச் செயலைச் செய்ய முடியாது என்றுதான் கணக்கு. "சமைப்பா, ஆனால் சமைத்தால் அன்றைக்கு வேறொன்றும் ஏலாது" என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அது மூன்றாவது கேள்விக்குப் பதில். காலையில் உடுத்த முக்கால் மணி நேரம் ஆவது நான்காவதுக்குப் பதில். சுடுசட்டி கை நழுவியது முதலாவதுக்குப் பதில்.

பாதுகாப்பைப் பற்றி 2017இல் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். விபத்து எத்தனை தடவை நடக்கக்கூடும் என்பதை மட்டும் பார்க்கக்கூடாது, நடந்தால் எவ்வளவு பெரிய தீங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு தடவைதானே கொதிதண்ணீர் ஊற்றுப்பட்டது என்று நீங்களே அதைச் சிறிதாக்காதீர்கள். அன்றைக்கு ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரிடமோ, முன்பதிவில்லாமல் போகும் வாக்கின் சென்டருக்கோ போயிருந்தால் அந்தப் பதிவை எடுங்கள்.

ஒரு செயல் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் முடியாமல் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆர்த்ரைட்டிஸ்காரர்கள் இதில்தான் அதிகம் விழுகிறார்கள், ஏனென்றால் பின்னேரத்தில் கை இளகிவிடும். ஆனால் நாள் முழுவதும் முடியாமல் இருக்கத் தேவையில்லை. நாளின் ஒரு பகுதியில், அற்பமில்லாத அளவுக்கு அந்தத் தடை இருந்தால் அந்த நாள் கணக்கில் சேரும் என்று 2015இல் மேல் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. காலை ஏழு மணிக்கு உடுத்த வேண்டிய ஆளிடம் பின்னேரம் மூன்று மணிக்கு உடுத்தலாம்தானே என்று சொல்ல முடியாது.

இதைக் காட்டுவதற்கு நாட்குறிப்பை விடச் சிறந்தது இல்லை. இரண்டு கிழமை எழுதினால் போதும். "இன்றும் நோவு, நித்திரை இல்லை" என்று பதினான்கு நாளும் எழுதியிருந்தால் பயன் இல்லை. நான் உதவி செய்த ஒரு அக்காவின் மகள் எழுதியது மாதிரி எழுதுங்கள், அவர்களிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்:

"செவ்வாய். அம்மா 6.40க்கு எழும்பினா. விரல் மடங்கவில்லை. 8.15 வரை வெந்நீர்ப் பையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. பிளவுஸ் கொக்கி நான் போட்டேன். மத்தியானம் வெங்காயம் வெட்டத் தொடங்கி, பாதியில் கத்தியை வைத்துவிட்டா, மிச்சம் நான் வெட்டினேன். சோற்றுப் பானையைத் தூக்க விடவில்லை, நான்தான் வடித்தேன். குளிக்க இறங்கும்போது என் தோளைப் பிடித்தா, ஏறும்போது இரண்டு கையாலும் தூக்கினேன். பின்னேரம் நல்லம், தேத்தண்ணி தானே போட்டா."

அந்தக் கடைசி வரியைக் கவனித்தீர்களா? அதை எடுத்துவிடச் சொல்லி அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் சொன்னாராம். நான் விடச் சொன்னேன். நல்ல நேரத்தையும் எழுதுகிறவரின் கெட்ட நேரத்தை எவரும் சந்தேகிப்பதில்லை. விசாரணையில் நீதிபதி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார்.

நாட்குறிப்பு விஷயத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. தீர்ப்பாயம் பார்ப்பது டிடபிள்யூபி முதல் முடிவு எடுத்த நாளில் அம்மா எப்படி இருந்தா என்பதை. அதற்குப் பிறகு மோசமானது இந்த வழக்கில் சேராது. அது வேண்டுமென்றால் புது விண்ணப்பம்தான், ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் இந்த வழக்கை அது எப்படிப் பாதிக்கும் என்று ஒரு ஆலோசகரிடம் கேளுங்கள். ஆகவே நீங்கள் இப்போது எழுதும் குறிப்பின் மேலே, முடிவு வந்த மாதத்திலும் நிலைமை இதுதான் என்று ஒரு வரி எழுதி, அதற்கு ஆதாரமாக அந்தக் காலத்து ஏதாவது ஒன்றைச் சேருங்கள். அந்த மாதத்தில் மருந்தின் அளவைக் கூட்டிய கடிதம், ஸ்டீராய்ட் ஊசி போட்ட பதிவு, நீங்கள் வேலையிடத்துக்கு அம்மாவுக்காக லீவு கேட்டு அனுப்பிய மெசேஜ். எந்தக் கடிதம் கேட்டாலும் அந்தத் திகதியைச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டர் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். "அம்மாவுக்கு பிப் கிடைக்க ஒரு லெட்டர் தாருங்கள்" என்று கேட்டால், நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் கொண்ட நான்கு வரி வரும், கட்டணமும் கேட்கலாம். அப்படி எழுதிக் கொடுக்கும் கடமை ஜிபிக்கு இல்லை. கேட்பதை நீங்களே வசதியாக்கிக் கொடுங்கள். ஒரு பக்கத்தில், முடிவு வந்த மாதத்தைக் குறிப்பிட்டு, மூன்று கேள்வி மட்டும்: காலையில் விரல் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று நோயாளி உங்களிடம் சொல்லியிருக்கிறார், நீங்கள் பார்த்த நிலைக்கு அது பொருந்துகிறதா? சூடான பாரமான பாத்திரத்தைப் பாதுகாப்பாகத் தூக்க அவரால் முடியும் என்று நினைக்கிறீர்களா, இல்லையென்றால் ஏன்? தொட்டியில் தனியாக ஏறி இறங்கினால் விழும் அபாயம் உண்டா? கீழே நாட்குறிப்பில் ஒரு பக்கத்தை இணையுங்கள். ஜிபியை விட ரூமட்டாலஜி நர்சிடம் கேட்பது பல சமயம் நல்லது. மருந்து விஷயமாக அடிக்கடி கதைப்பது அவர்தான், அம்மாவை அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கடிதங்களில் டாஸ்28 என்று ஒரு எண் இருக்கும். 28 மூட்டுகளைப் பார்த்து நோய் எவ்வளவு தீவிரம் என்று கணிப்பது. 5.1க்கு மேல் என்றால் கடும் நிலை. முடிவுத் திகதிக்குக் கிட்ட எடுத்த எண் கூடுதலாக இருந்தால் அந்தக் கடிதத்தை மேலே வையுங்கள். குறைந்திருந்தால் டிடபிள்யூபி அதைப் பிடித்துக்கொண்டு "நோய் கட்டுக்குள் இருக்கிறது" என்பார்கள். அந்த எண் இப்போதைய அழற்சியைத்தான் சொல்கிறது, ஏற்கெனவே கோணிப்போன விரல் அதனால் நிமிராது. அதை அப்படியே எழுதுங்கள். கை எக்ஸ்ரே அறிக்கை இருந்தால் பக்கத்தில் வையுங்கள்.

ஜிபி பதிவு முழுவதையும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். என்எச்எஸ் ஆப்பிலும் ஓரளவு பார்க்கலாம். ஆனால் வாசிக்காமல் அனுப்பாதீர்கள். "தினமும் நடக்கிறார்", "நலமாக இருக்கிறார்" என்று போகிற போக்கில் டைப் செய்த வரிகள் கிடக்கும். இருமலுக்குப் போன நாளில் நர்ஸ் எழுதிய "நலம்" அது. மறைக்கச் சொல்லவில்லை, தீர்ப்பாயம் கேட்டால் எப்படியும் கொடுக்க வேண்டும். அந்த வரி எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று உங்கள் விளக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்றாட வேலைகளைச் செய்ய வழியும் கருவியும் சொல்லும் கவுன்சிலின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து குளியலறையைப் பார்த்திருந்தால் அந்த அறிக்கைதான் பொன். வீட்டுக்குள் வந்து பார்த்த ஒரே நிபுணர் அவர். வரவில்லையென்றால் இப்போதே கவுன்சிலுக்கு எடுத்துக் கேளுங்கள். வழக்குக்காக மட்டும் அல்ல, அம்மா விழாமல் இருக்கவும் அது வேண்டும். முக்காலி, கம்பி, தடித்த கைப்பிடிக் கரண்டி இவற்றின் படங்களும் உதவும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போதும்.

உங்கள் வாக்குமூலத்தை நீங்களே எழுதுங்கள். மகள் எழுதினால் நம்பமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், பக்கத்தில் இருந்து பார்ப்பவரின் சாட்சியைத் தீர்ப்பாயம் மதிக்கிறது. நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நாளில் என்ன நடக்கிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் அதைக் கேட்பார்கள். "நான் இல்லாத நாளில் அம்மா குளிப்பதில்லை, பாணும் ஆறிய கறியும் சாப்பிடுவா" என்றால் அதுவே ஆதாரம். உதவி கிடைக்கிறதா என்பதைச் சட்டம் கேட்கவில்லை, உதவி தேவைப்படுகிறதா என்றுதான் கேட்கிறது.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். உங்கள் அம்மாவிடம் அசெஸ்மென்டில் "சமையல் எப்படி?" என்று கேட்டிருப்பார்கள். அம்மா என்ன சொல்லியிருப்பா என்று எனக்குத் தெரியும். "பரவாயில்லை, சமாளிக்கிறன்." எங்கள் அம்மாமார் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் என்னால் ஏலாது என்று சொல்வது அவர்களுக்கு வெட்கம். தமிழில் "சமாளிக்கிறன்" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறேன் என்று எங்களுக்கு விளங்கும். ஆங்கிலத்தில் அது "செய்கிறார், சிரமமில்லை" என்று போய்ச் சேரும். உங்கள் பிஏ4ஐப் பாருங்கள், அந்தச் சொல் இருக்கும். இருந்தால் உங்கள் விளக்கத்தில் ஒரு பந்தியை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

படிவத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறியுங்கள், இலவசம். இலங்கைத் தமிழ் என்றும் எழுதுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க விடமாட்டார்கள், ஆனால் சாட்சியாகப் பேசலாம். விசாரணைக்கு முதல் சில நாள் அம்மாவோடு உட்கார்ந்து, "சமாளிக்கிறன்" என்ற சொல்லை விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தைச் சொல்லப் பழக்குங்கள். எப்படிச் சமாளிக்கிறா? யாரை வைத்து? எவ்வளவு நேரம்? இது பாடம் பண்ணுவது அல்ல. நடந்ததை வாய்விட்டுச் சொல்லப் பழகுவது.

வழக்கை விசாரணை இல்லாமல் தாளை வைத்தே முடிக்கச் சொல்லி அந்தப் பெட்டியில் குறிக்காதீர்கள். போய்ப் பேசுகிறவர்களுக்கு வெற்றி வாய்ப்பு அதிகம். ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், மாற்றுத்திறன் அனுபவமுள்ள ஒருவர் என்று மூவர் இருப்பார்கள். டாக்டர் தொட்டுப் பரிசோதிக்கமாட்டார், கேள்விதான் கேட்பார். கோயிலுக்குப் போவீர்களா, கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள் என்றும் கேட்கலாம். யாழ்ப்பாணம் வரை பயணம் போனவரால் ஏன் வீட்டில் முடியாது என்று அவர்கள் யோசிப்பது இயல்பு. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்த மின்னஞ்சல் இருந்தால் அதைக் கட்டில் சேருங்கள். கோயிலில் கதிரையில் இருந்துதான் பூசை பார்க்கிறா என்றால் அதைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏதாவது தொகை கிடைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: தீர்ப்பாயம் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். உங்கள் அம்மாவுக்கு இப்போது ஒன்றும் இல்லை, ஆகவே இழக்க எதுவும் இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ், அருகிலுள்ள லா சென்டர், சில கவுன்சில்களின் நலவுரிமைப் பிரிவு ஆகியவற்றில் இலவசமாகக் கட்டைப் பார்த்துக் கொடுப்பார்கள். இப்போதே நேரம் கேட்டு வையுங்கள்.

அனுப்பும்போது நாற்பது பக்கத்தையும் அனுப்பாதீர்கள். எட்டோ பத்தோ பக்கம் தெரிந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, மேலே ஒரு பக்கத்தில் "சமையல்: பக்கம் 2, 5. குளிப்பு: பக்கம் 3, 6" என்று எழுதுங்கள். பிரதிகளை அனுப்பி மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு எண்ணை ஒவ்வொரு பக்கத்திலும் போடுங்கள். விசாரணை காலையில் என்று வந்தால் உடனே எழுதி, விரல் இறுக்கத்தைக் காரணம் காட்டி மத்தியானத்துக்குப் பிறகு மாற்றித் தரும்படி கேளுங்கள். அந்தக் கோரிக்கையின் பிரதியையும் கட்டில் போடுங்கள்.